சர்க்கரை பூசிய ராணி

தேனீக்களைச் சர்க்கரைத் தூளில் போட்டு உருட்டினால் என்ன கிடைக்கும்? பலகாரம் கிடைக்காது. உண்ணி கிடைக்கும்.

உண்ணி என்பது கடுகைவிடச் சின்ன, செம்பழுப்பு நிற உயிர். தேனீயின் முதுகிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு ஓசியில் சாப்பிடும். வாடகையும் தராது, நன்றியும் சொல்லாது. கூட்டம் பெருகிவிட்டால் தேன்பெட்டியே காலியாகிவிடும்.

அதனால்தான் அன்று காலை அத்தை, குண்டூசி, அவள் அண்ணன் மூவரும் முகவலை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றார்கள். அத்தைக்குத் தொழில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது. விடுமுறை நாளில் தேனீ வளர்ப்பது. குண்டூசிக்கு வயது ஒன்பது. உருவம் சின்னது, பார்வை கூர்மை. பெயர் வந்த கதை அவ்வளவுதான். அண்ணனுக்குப் பதிமூன்று. அவன் வாய் தூங்கும்போது மட்டும் மூடியிருக்கும். அதுவும் சந்தேகம்தான்.

"முதல்ல ராணியைக் கண்டுபிடிக்கணும். மத்த தேனீங்களை ஜாடியில போட்டு உருட்டும்போது அவ உள்ள வந்துடக் கூடாது," என்றார் அத்தை, சர்க்கரையைச் சலித்தபடி. "முதுகுல நீலப் பொட்டு வெச்சிருக்கேன்."

"இதுக்குப் போய் ரெண்டு பேரா? நானே பாத்துடுறேன்," என்றான் அண்ணன். ஒரு சட்டத்தை வெளியே எடுத்தான். சட்டம் என்றால் தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டம். அதன் இருபக்கமும் தேனீக்கள் மொய்த்தன.

"இதோ ராணி! எவ்வளவு பெருசு பாருங்க!"

"பொட்டு இருக்காடா?"

"இருக்கு இருக்கு. எனக்குத் தெரியாதா?"

அந்தச் சட்டத்தை அத்தை காலிப்பெட்டி ஒன்றில் பத்திரமாக வைத்துத் துணியால் மூடினார். வேறு சட்டத்திலிருந்து அரைக் குவளைத் தேனீக்களை ஜாடியில் தட்டி, வலை மூடியைத் திருகி, சர்க்கரையைக் கொட்டினார். அண்ணன் ஜாடியை மெல்ல உருட்டினான். தேனீக்கள் மாவு மில்லிலிருந்து வேலை முடிந்து வந்தவர்கள்போல வெள்ளையாகிவிட்டன.

பிறகு ஜாடியைக் கவிழ்த்து ஒரு தட்டின் மேல் உதறினார்கள். சர்க்கரையும், அதில் பிடி வழுக்கிய உண்ணிகளும் உதிர்ந்தன. தண்ணீர் தெளித்ததும் சர்க்கரை கரைந்துபோக, செம்பழுப்புப் புள்ளிகள் மிஞ்சின.

"விரல் விட்டு எண்ணுவோம். பத்து விரலுக்குள்ள அடங்கினா கவலையில்லை. மீறினா மருந்து," என்றார் அத்தை.

குண்டூசியின் பத்து விரல்களும் தீர்ந்துபோயின. அண்ணன் பெருந்தன்மையோடு ஒரு செருப்பைக் கழற்றினான். அவன் கால்விரல்களில் மூன்றும் தேவைப்பட்டன.

"மருந்துதான்," என்றார் அத்தை. "முதல்ல ராணியைப் பெட்டிக்குள்ள விடலாம்."

துணியை விலக்கியதும் குண்டூசி குனிந்து பார்த்தாள். பெரிய கண், தடித்த உடம்பு. பொட்டு இல்லை.

"அத்தை, இது ராணி இல்ல. ஆண் தேனீ."

சட்டத்தின் இருபக்கமும் பார்த்தார்கள், பெட்டியிலிருந்த மற்ற சட்டங்களையும் புரட்டினார்கள். நீலப் பொட்டு எங்கும் இல்லை. மூவரும் ஒரே நேரத்தில் ஜாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கில் வெள்ளைத் தேனீக்கள். யாருக்குப் பொட்டு, யாருக்கு இல்லை என்று யார் சொல்வது?

"ராணிக்கு ஏதாவது ஆச்சுன்னா முட்டையிட ஆளில்ல. இந்தப் பெட்டி அவ்வளவுதான்," என்றார் அத்தை. எள்ளளவு திருகாணியையும் தேடிப் பிடிக்கும் அவர் கண்ணுக்கும் ஜாடிக்குள் நீலம் தென்படவில்லை. "பொட்டைப் பாத்தேன்னு சொன்னியேடா!"

அண்ணனின் காது சிவந்தது. "பாத்த மாதிரி இருந்துச்சு..."

"அது ரொம்ப குண்டு அத்தை. நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன்," என்றாள் குண்டூசி.

அத்தை பெருமூச்சு விட்டார். "கடையிலேருந்து இடுக்கி எடுத்துட்டு வரேன். ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாக்கலாம்."

"வேணாம் அத்தை! இப்பதான் உருட்டினோம். தலை சுத்திப்போய் உக்காந்திருக்காங்க. இடுக்கி வேறயா?"

"வேற என்னடி வழி?"

குண்டூசி பெட்டியைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள். "நமக்குத்தான் அடையாளம் தெரியல. அவங்களுக்கு அவங்க அம்மாவைத் தெரியாதா? நான் மாவு மூட்டையில விழுந்து எழுந்தாலும் எங்கம்மாவை ஏமாத்த முடியாது."

"அட, ஆமால்ல!" என்றார் அத்தை. ஒரு பலகையை எடுத்துப் பெட்டியின் வாசலில் சாய்த்து வைத்தார். குண்டூசி ஜாடியைத் திறந்து, தேனீக்களை அதன்மேல் மெதுவாகச் சாய்த்தாள்.

வெள்ளை ஊர்வலம் ஒன்று மேலே கிளம்பியது. உள்ளேயிருந்து ஓடி வந்த தேனீக்கள், வந்தவர்களை ஆளுக்கொரு பக்கம் நக்கத் தொடங்கின. சர்க்கரையை யார் விடுவார்?

"எல்லாரும் நடக்கிறாங்க," என்று முணுமுணுத்தாள் குண்டூசி. "அங்க பாருங்க! அந்தக் கூட்டம் மட்டும் நகரல."

பலகையின் ஓரத்தில் சில தேனீக்கள் வட்டமாக நின்றன. எல்லா முகங்களும் உள்பக்கம். நடுவே நீளமாக, வெள்ளையாக ஒருத்தி. ஒரு தேனீ அவள் காலை நக்கியது. இன்னொன்று வயிற்றை நக்கியது. மூன்றாவது முதுகில் ஏறி நக்க நக்க, வெள்ளைக்கு அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது.

"பொட்டு!" மூவரும் கத்தினார்கள்.

ராணி யாரையும் திரும்பிப் பார்க்காமல் நிதானமாக நடந்து வீட்டுக்குள் போனாள். வாசலில் நின்ற தேனீக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு படபடவென்று சிறகடித்தன.

"அம்மா வந்தாச்சு, எல்லாரும் வாங்கன்னு கூப்பிடுறாங்க," என்று அத்தை சிரித்தார். குண்டூசியின் தோளைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். சட்டங்களைப் பெட்டியில் அடுக்கி, நடுவே மருந்துப் பட்டைகளைத் தொங்கவிட்டு, மூடியைப் போட்டார்.

"இனி உண்ணிங்களுக்கு வீடு காலி," என்றாள் குண்டூசி.

"நான் மட்டும் அந்த ஆண் தேனீயை..." என்று ஏதோ சொல்லத் தொடங்கிய அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். சர்க்கரை படிந்த அவன் கையுறையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்திருந்தது. நாக்கை நீட்டி, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து, பொறுமையாக நக்கியது.

"அசையாத. குளிப்பாட்டி விடுறாங்க," என்றாள் குண்டூசி.

ஐந்து விரல்களும் சுத்தமாகும்வரை அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அதுவரை யாராலும் முடியாத காரியம் அது.