பெரட்டுக்கு வந்த வேலாயி

காலை ஆறு ஐந்து.

தானா ராத்தா ராணுவ அலுவலகத்தில் மேஜர் ராதாகிருஷ்ணனின் டெலிபோன் அலறியது.

"சார்... சிப்பாய் தங்கராஜு பேசறேன். குதிரைப்படை முகாம்ல சுடறாங்க. கேப்டனைக் காணோம்..."

டுமீல்!

லைன் செத்தது.

1976. மலேசியக் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இருந்த காலம். குதிரைப்படை என்று பெயர்தான். அந்தத் தேயிலை மலையில் இருந்தது ஒரே ஒரு கவச வண்டி. அதிலும் பேட்டரி இல்லை.

மறுநாள் எஸ்டேட் ஆபீஸில் விசாரணை.

"இவன் காவல்ல தூங்கிட்டான் சார். வேட்டுக்கு முழிச்சு உங்களுக்குப் போன் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டான்," என்றார் கேப்டன் அமிர்தலிங்கம். "நான் ஒத்தையா முகாம்ல நின்னு சுட்டேன். எதிரி என் தொப்பியக்கூட பறிச்சிட்டுப் போயிட்டான்."

அந்தக் குளிரிலும் தங்கராஜு வியர்த்தான். மேஜர் இதை நம்பினால் ராணுவச் சிறை.

"நான் தூங்கல சார். சுட்டதே நான்தான்."

"சாட்சி?"

"ஒரே பனிமூட்டம் சார்..."

மேஜர் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி சாம்பசிவத்திடம் திரும்பினார்.

"அந்த நேரம் உங்க ஆளுங்க எங்க?"

"முகாமுக்குக் கீழ, காலையில ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுக் களத்துல. வேட்டுச் சத்தம் கேட்டாலும் துரை சொல்லாம பெரட்டு நிக்காதுலா. பேர் கூப்பிட்டேன். அம்பத்தெட்டு பேரும் 'இருக்கேங்க'ன்னாங்க."

கொழுந்து பறிக்கும் பாஞ்சாலை, கதவோரம் நின்று சிரித்தாள்.

"வேலாயியையும் சேர்த்தா, கிராணி ஐயா?"

"ஆமா. தலையில சாக்கு போட்டுக்கிட்டு நின்னுச்சு. தொண்டை கட்டியிருந்துச்சு, பாவம்."

"வேலாயிக்கு நேத்து விடியக்காலை ஆஸ்பத்திரியில ஆம்பளப் புள்ள பொறந்துச்சுலா."



"அப்ப 'இருக்கேங்க'ன்னது யாரு?" என்றார் மேஜர்.

"யாருக்குத் தெரியும்? எம் பக்கத்துல நின்னுச்சு. கால்ல பூட்ஸு. வேட்டுச் சத்தம் கேக்குறப்பல்லாம் என் முந்தானையப் புடிச்சுச்சு. சத்தம் நின்னதும் ஓடிருச்சு. களத்துல கெடந்த வேலாயி கூடையத்தான் தூக்கி வச்சிருந்துச்சு. அதையும் போட்டுட்டுப் போயிருச்சு."

வெளியே போய்க் கூடையை எடுத்து வந்தாள். கவிழ்த்தாள்.

ஒரு தொப்பி விழுந்தது.

உள்ளே மையில் எழுதிய பெயர்... அமிர்தலிங்கம்.

தங்கராஜுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கேப்டனுக்கு நின்றது.

மேஜர் தொப்பியைத் தட்டிக் கேப்டனிடம் நீட்டினார்.

"ஜீப்ல ஏறு வேலாயி. பச்ச உடம்புக்காரி, குளிர்ல நிக்கக் கூடாது."