பக்கத்தில் தேடும்

திறக்கவே கூடாத லிங்க் திறந்துகொண்டது.

ஆஸ்பத்திரிப் பிணவறை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அடையாளம் தெரியாத உடல்களுக்கென்று ஒரு எக்செல் ஷீட் உண்டு: எண், கிடைத்த இடம், கடைசியில் நீல எழுத்தில் ஒரு லிங்க். அதை அழுத்தினால் பொது சர்வரில் இருக்கும் முகப்படம் திறக்கும். சர்வரை மாற்றியதிலிருந்து எதுவும் திறக்கவில்லை. உறவைத் தேடி வந்தவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று சூப்பிரண்டு கத்தினார். தங்கைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அதனால் லிங்குகளைச் சரிசெய்ய ஷீட்டைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

நெட்வொர்க்காரர் முன்பே சொல்லியிருந்தார். "ஷீட்ட மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டுப் போகாதீங்கம்மா. அது தான் இருக்குற எடத்துக்குப் பக்கத்துலதான் படத்தைத் தேடும், தாயத் தேடுற கன்னுக்குட்டி மாதிரி."

அன்று சிரித்தாள். இன்று ஷீட்டை மட்டும்தான் எடுத்து வந்திருந்தாள். பக்கத்தில் படமென்று ஒன்றுமே இல்லை. இருந்தும் முதல் வரியை அழுத்தியதும் ஒரு படம் விரிந்தது. முகமில்லை. ஒரு வாசற்படி. அதன்மேல் ஊக்கு குத்திய வார் செருப்பு, சற்றுமுன் அவள் கழற்றிப் போட்டது.

உள் அறையிலிருந்து தங்கையின் குரல், இருமலோடு வந்தது. "அக்கா, மின்னுதா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காய்ச்சல் உளறல் என்று நினைத்தாள். "ஒண்ணுமில்ல, தூங்கு."

அடுத்த வரி. தாழ் போட்ட வாசற்கதவு, உள்பக்கமிருந்து எடுத்தது.

அதற்கடுத்த வரி. அவள் வீட்டு அடுப்பு, பால் பொங்கி விளிம்பு தாண்டும் நொடி. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் சுர்ரென்று பால் வழிந்தது. தீய்ந்த வாடை வரவேண்டிய இடத்தில், மூக்கை அறுக்கும் ஃபார்மலின் நெடியும், பிணவறையின் பெரிய பெட்டியை இழுத்துத் திறக்கும்போது காலில் படுமே, அந்தக் குளிரும் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தன.

பென்டிரைவைப் பிடுங்கினாள். ஷீட் மூடவில்லை.

நெட்வொர்க்காரருக்குப் போன் போட்டாள். அவளைப் பேசவே விடவில்லை அவர்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. இங்க படம் வச்சிருந்த ஃபோல்டர் காலியாக் கெடக்கு. அத்தனையும் எங்கம்மா போச்சு?"

ஷீட்டின் அடியில் ஒரு புது வரி சேர்ந்திருந்தது. எண் இருந்தது. கிடைத்த இடம்: அவள் வீட்டுக் கதவு எண், உள் அறை. நீல லிங்க்.

அவள் அழுத்தவில்லை. மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டாள்.

"அக்கா. மறுபடி மின்னுச்சு."

இருமல்.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

இருமல் நின்றது.

படம் தானாகத் திறந்தது. பிணவறையில் எப்போதும் எடுப்பதுபோலவே எடுத்திருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. இடப்பக்கம் லேசாகத் திருப்பிய முகம். காலையில் அவள் பின்னிவிட்ட ஜடை. நெஞ்சின்மேல் எண் எழுதிய சீட்டு.

சீட்டு சரியாமல் பிடித்திருந்தன கைகள். ஒன்றிரண்டல்ல, கட்டிலைச் சுற்றிலும், படம் கொள்ளாத அளவுக்குக் கைகள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஓர் எண் கட்டியிருந்தது.