கரிப் பானையும் ஆரஞ்சுப் பெட்டியும்

புனேயை ஒட்டிய போபோடியில் குளிர்காலம் வந்துவிட்டதை முதலில் சொல்வது ஃபியூஸ்தான்.

விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதும். வேலைக்குப் போகிறவர்கள் குளித்துக் கிளம்ப வேண்டும். சங்கு ஊதி ஓய்வதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பத்ரிநாத்தின் வரிசை வீடுகள் முழுக்க இருட்டாகிவிடும். அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ்.

பத்ரிநாத்தை எல்லாரும் மாலக் என்பார்கள். அந்த ஊரில் வீட்டுச் சொந்தக்காரரை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். அவர் தலையில் மஃப்ளரும் கையில் டார்ச்சுமாக வந்து புது ஃபியூஸ் கம்பி கட்டுவார். கட்டி முடிக்கும்வரை ஹிந்தியில் திட்டுவார். திட்டு நிற்கும்போது விளக்கு எரியும்.

யாரும் ஹீட்டர் ராடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வாளித் தண்ணீரில் இறக்கி சுவிட்சைப் போட்டால் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கம்பிச் சுருள் அது. வரிசையின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து குடிக்கிற மின்சாரத்தை அது ஒன்றே குடித்துவிடும்.

அந்த டிசம்பரில் பழி போட ஓர் ஆள் கிடைத்தது. கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஆரோக்கியமேரி.

அவள் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கணவர் சவரிமுத்துவுக்கு ஆலையில் வேலை. நார்மன் என்று ஒரு கைக்குழந்தை. அவளுக்கு ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது, ராடை ஒளித்து வைக்கவும் தெரியாது. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, ராடைத் துடைத்து, வாசல் கொடியில் துணியோடு துணியாகத் தொங்கவிட்டிருந்தாள்.

மாலக் பார்த்துவிட்டார். ராடை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஆரோக்கியமேரிக்குத் தமிழில் சொல்ல வேண்டிய வேலை மில்ட்ரெட்டுக்கு வந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் ஆரோக்கியமேரியின் முகம் வாடிவிட்டது.

மில்ட்ரெட் முதல் வீட்டுப் பெண். பத்து வயது. கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க நார்மனை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அவனும் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான்.

மறுநாள் சங்கு ஊதியது. 'டப்.'

மாலக் டார்ச்சோடு வந்து எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். ஒயர் பழசு என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுச் சின்னம்மா மட்டும், "புதுசா வந்தவ இன்னொரு ராடு வச்சிருப்பா. அவளுக்கு என்ன, ஆலைச் சம்பளம்" என்றாள்.

மில்ட்ரெட் தன் அம்மா ஜோசபினைப் பார்த்தாள். அம்மாவும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் மில்ட்ரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அம்மா, அரிசி டிரம்முக்குப் பின்னால நம்ம ராடு..."

"ஏட்டி, வாய மூடு. உங்கப்பா பச்சத் தண்ணில குளிச்சா முதுகு பிடிச்சுக்கிடும்."

"அப்ப நார்மன்?"

அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

கடைசி வீட்டில் ஆரோக்கியமேரி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கே போதவில்லை. நார்மனுக்கு இருமல் வேறு.

"கிறிஸ்துமஸ் பெருநாள் முடிஞ்சதும் பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிடப் போறேன் பாப்பா. வெந்நி இல்லாம இந்தக் குளிருல எப்படி வளக்குறது?"

அம்மாவைக் காட்டிக்கொடுக்க மில்ட்ரெட்டால் முடியாது. நார்மனை அனுப்பவும் முடியாது.

மத்தியானம் முற்றத்தில் கை கழுவப் போனாள். மாலக் ஸ்கூட்டர் கழுவும் கறுப்பு ரப்பர் குழாய் வெயிலில் சுருண்டு கிடந்தது. அதன் முனையைத் தூக்கினாள். உள்ளே நின்ற தண்ணீர் கையில் கொட்டியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு.

அடுப்பும் இல்லை, ராடும் இல்லை. வெயில் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஒரு பானை கேட்டாள். அதை வெயிலில் வைக்கப் போகிறேன் என்றாள். எங்கே என்று கேட்டாள் அம்மா. குளியலறையின் தகரக் கூரைமேல் என்றதும், அம்மா பானையை எடுத்துச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். கூரையில் வைத்தால் தெருவே பார்க்குமே. பானை நிலா மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஆரோக்கியமேரி அதில் விரலை விட்டுப் பார்த்தாள். "குளுரு விட்டிருக்கு. அவ்வளவுதான் பாப்பா. பரவாயில்ல விடு." டிரங்குப் பெட்டி அன்று பாதி நிறைந்திருந்தது.

மில்ட்ரெட் முற்றத்தில் உட்கார்ந்து பானையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே வெயில், அதே தண்ணீர். பானைப் பக்கம் பார்த்தால் கண் கூசியது. குழாயைப் பார்த்தால் கூசவில்லை.

பளபளக்கிற பானை வெயிலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்புக் குழாய் உள்ளே வைத்துக்கொள்கிறது!

அம்மா தேய்ப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த கரிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடிக்கும் கரியைப் பூசினாள். கூரையில் காற்று ஜில்லென்று அடிக்கும் என்பதால், பழக்கடையில் கேட்டு ஒரு ஆரஞ்சுப் பெட்டி வாங்கி வந்து, உள்ளே வைக்கோலைத் திணித்தாள். மேலே மூட, பழைய படச் சட்டத்திலிருந்து அப்பா ஒரு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அம்மாதான் மறித்தாள். "கரிப் பானைய ஊரு பாக்க வைக்கவா போற? ஜோசபின் வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆளில்லன்னு சின்னம்மா தெரு முழுக்கச் சொல்லிருவா."

"தேச்சா சூடு ஏறாதும்மா. கரிதான் வெயிலப் பிடிக்குது."

"அப்படின்னா உன் மூஞ்சியையும் வெயில்ல வை. அங்கயும் கரிதான்."

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு மில்ட்ரெட் ஏணியில் ஏறினாள்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மூடியைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. பச்சைத் தண்ணீர் கலந்துதான் நார்மன்மேல் ஊற்ற முடிந்தது. அவன் முதலில் அழப் பார்த்தான். பிறகு மனதை மாற்றிக்கொண்டு காலை உதைத்துத் தண்ணீரைச் சிதறடித்தான்.

மிச்ச வெந்நீரை ஆரோக்கியமேரி ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்கு வந்தாள்.

"உங்க பொண்ணு தந்த வெந்நி, அக்கா. குளிருக்கு உங்க கையில ஊத்திக்கங்க." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "என் ராடு இருந்தப்ப உங்களுக்கெல்லாம் தினமும் இருட்டு. மனசுல வச்சுக்காதீங்க."

ஜோசபின் சொம்பை வாங்கிக்கொண்டாள். இரவு சாப்பாடு முடிந்தபின் அரிசி டிரம் பக்கம் இரண்டு முறை போய் வந்தாள்.

விடிந்தது. சங்கு ஊதியது. 'டப்.'

மாலக் டார்ச்சை அடித்தபடி நேராகக் கடைசி வீட்டுக்கு நடந்தார். முதல் வீட்டுக் கதவு திறந்தது. ஜோசபின் வந்து அவர் முன்னால் நின்றாள். கையில் ராடு, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாலக், அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. இது என்னுது" என்று ஹிந்தியில் சொன்னாள்.

பிறகு பக்கத்துக் கதவு கிரீச்சிட்டது. சின்னம்மா தன் ராடை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தாள். அவளுக்கு அப்பால் இன்னொரு கதவு, அதற்கு அப்பால் இன்னொன்று. மாலக்கின் டார்ச் ஒவ்வொரு ராடாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அது அவர் மனைவி ரமாவின் கை. அதிலும் ஒரு ராடு.

அன்று மாலக் திட்டாமலேயே ஃபியூஸ் கட்டினார்.

இனி வரிசைக்கே ஒரு ராடு போதும் என்று அன்றே முடிவாயிற்று. சங்குக்கு முன்னால் எழுந்து, வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைக்காமல் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு வெயில் இருக்கிறது. பொதுவில் வைக்கும் அந்த ஒரு ராடு யாருடையது என்று கேட்டபோது, மாலக் ஆரோக்கியமேரியின் ராடைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பழக்கடையில் ஆரஞ்சுப் பெட்டிகள் தீர்ந்துபோயின. தகரக் கூரையில் கரிப் பானைகள் வரிசையாக உட்கார்ந்தன. தன் பானைதான் ரொம்பக் கறுப்பு என்று சின்னம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

பெருநாளுக்கு முந்தைய நாள் மத்தியானம், மாலக் தோளில் துண்டோடு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். யார் பானையில் இன்றைக்குச் சூடு அதிகம் என்று மில்ட்ரெட்டிடம் ரகசியமாக விசாரித்தார். அவள் விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்றாள். ஆரோக்கியமேரி டிரங்குப் பெட்டியிலிருந்து நார்மனின் துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். குளித்து முடித்த நார்மனோ, மில்ட்ரெட்டின் பின்னலைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான்.