செக்குபந்தி

பஞ்சநாதனின் வயல் பத்திரத்தில் நான்கு எல்லைகளையும் சரியாகத்தான் டைப் அடித்தாள் அனுசுயா. எல்லை சொல்லும் செக்குபந்தியில் ஒரு வரி பிசகினாலும் பத்திர எழுத்தர் காய்ச்சி எடுத்துவிடுவார். ஆனால் திரையில் இருந்தது வேறு: ‘பச்சை இரும்புக் கேட்டுக்கு மேற்கு.’

நெல் வயலுக்கு ஏது கேட்? அழித்துவிட்டு ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்று மறுபடி அடித்தாள். அவள் கண்ணெதிரே வாய்க்கால் மறைந்து கேட் வந்தது.

பச்சை இரும்புக் கேட் அவள் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டுக்குத்தான் இருக்கிறது.

மதியம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. பத்து நிமிடத்துக்கு முன் பிடித்த ஐப்பசி மழை ஒரத்தநாட்டையே இருட்டாக்கி, ஓட்டு விளிம்பிலிருந்து கொட்டும் தண்ணீரின் இரைச்சலும் ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விட்டுவைக்கவில்லை. அவள் மன்னார்குடியை விட்டு ஓடிவந்து ஆறு மாதம். இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்காது. அம்மிமேல் கையை வைத்துக் குழவியால் நசுக்கிய கணவன் ரஞ்சித், “இன்னும் எட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு நிதானமாகச் சாப்பிட உட்கார்ந்தான். ஊரை மாற்றினாள், போன் நம்பரை மாற்றினாள். பத்திரம் அடிக்கும் தொழிலை மட்டும் மாற்ற முடியவில்லை.

லேப்டாப்பின் நெற்றியில் கேமரா விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து?

தன்னோடு டைப் அடிக்கும் கமருன்னிஸாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, பழைய தமிழ் ஃபாண்ட்ட புது ஃபாண்ட்டா மாத்துற பிளக்இன் ஒண்ணு பென்டிரைவ்ல குடுத்தீங்களே, அது யாரு செஞ்சது?”

“மன்னார்குடி பிரவுசிங் சென்டர்ல யாரோ ரஞ்சித்தாம். சும்மாவே குடுத்தாராம். எல்லா டைப்பிஸ்ட்டும் அதத்தாம்மா போட்டிருக்கோம்.”

“அது கேட்ட பர்மிஷனெல்லாம் குடுத்தீங்களா?”

“குடுக்கலேன்னா வேலை செய்யாதே! அதெல்லாம் யாரு படிக்கிறா?”

அவளும் படிக்கவில்லை. முந்தாநாள் கிரயப் பத்திர அவசரத்தில் ‘அனுமதி’, ‘அனுமதி’ என்று தட்டிக்கொண்டே போனாள். இப்போது பிரவுசர் அமைப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கலாம், மாற்றலாம். இருப்பிடம் அறியலாம். கேமரா. எல்லாவற்றையும் அணைத்தாள். பிளக்இன்னையே நீக்கினாள். பச்சை விளக்கு அவிந்தது.

அப்பாடா என்றிருந்தது. பத்திரத்துக்குத் திரும்பினாள். மற்ற எல்லைகளும் மாறியிருந்தன.

‘கொல்லைக் கொடியில் நனையும் மஞ்சள் புடவைக்குக் கிழக்கு.’

புடவையை எடுக்க மறந்திருந்தாள். சரிதான்.

ஆனால் கேமரா பார்ப்பது அவள் முகத்தையும் பின்சுவரையும் மட்டும்தான். அதற்குக் கொல்லை தெரியாது.

‘தாழ் போடாத சமையலறைக் கதவுக்குத் தெற்கு. இதன் மத்தியில் அனுசுயா.’

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது.

சமையலறையில் ஏதோ உருண்டது. கல். சிமெண்ட் தரையில் கல்.

இந்த வீட்டில் அம்மியே கிடையாது.

நிலைப்படி தாண்டி உருண்டு வந்து அவள் காலருகே நின்றது குழவி. ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. மன்னார்குடி வீட்டில் இருந்த அவளுடைய குழவிதான்.

வாசலுக்கு ஓடினாள். பின்னால் முடி இழுபட்டது. முகம் மேசையில் மோதியது. பல் உடைந்தது. வாயெல்லாம் இரத்தம். மழையில் நனைந்த கை ஒன்று அவள் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, விசைப்பலகைமேல் அழுத்தியது.

“பர்மிஷன் நீதானே குடுத்த?” என்றான் ரஞ்சித்.

குழவி இறங்கியது. விசைகள் தெறித்தன. பஞ்சநாதனின் பத்திரத்தில் ஒரே எழுத்து, வரி வரியாக, பக்கம் பக்கமாக, நிற்காமல் ஓடியது.

“ஏழு” என்று சொல்லி, அடுத்த விரலை நிமிர்த்தினான்.