தரையில் ஒரு சூடான மூலை

"என் வீட்டுத் தரையை எவனோ கெடுத்து வச்சிருக்கான். யாருன்னு சொல்லுங்க. உடைச்சுட்டுத்தான் மறுவேலை."

பாங் அம்மாவின் வீட்டுக்கு வந்த கு பான்சிக் இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எழுபது வயது; கணவாய் மீன் படகில் காலம் தள்ளியவர். கொரியாவின் சோக்சோ துறைமுகத்துக்கு மேலே, மனைவியோடு இருக்கப் புது வீடு கட்டியிருந்தார். தரையில் வெந்நீர்க் குழாய் பதித்து, மேலே கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. முதல் குளிருக்கு பாய்லரைப் போட்டால், படுக்கையறையின் ஜன்னல் பக்கம் சில்லிட்டுக் கிடக்கிறது; உள்மூலையில் ஒரு முழ அகலத்துக்குச் சூட்டில் கால் வைக்க முடியவில்லை.

"குழாய் போட்ட மா தோசு பண்ணின வேலை இது. அவன் செலவுலயே உடைச்சுப் போடணும்."

பாங் அம்மா அவருக்கு பார்லித் தேநீர் ஊற்றினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசி நண்பர் பியோ கேட்டதில்லை. பியோவோ டாக்ஸி ஓட்டுவதைவிட, பாங் அம்மாவிடம் வரும் வழக்குகளில் மூக்கை நுழைப்பதில்தான் சந்தோஷம் காண்பவர்.

"மா தாங்க்கா. மூஞ்சியப் பாக்காமலே சொல்லிடுவேன்" என்றார் பியோ.

"பாத்துட்டே சொல்லேன். வண்டிய எடு."

மா தோசு புது வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். பெரியவர் கொண்டுவரச் சொன்ன கடப்பாறை அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கம்பி வலைமேல் குழாய்கள் சீரான வரிசைகளாக இருந்தன.

"போட்டு முடிச்ச அன்னிக்கு எடுத்ததுக்கா. மறுநாள் மழை, யாரும் வரல. அதுக்கு அடுத்த நாள் ஊத்தினோம். ஊத்துறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா சத்தியமா நான் செய்யல. மா போட்ட தரைய உடைச்சாங்கன்னு பேராயிட்டா, இந்த ஊர்ல எனக்கு வேலையே கிடைக்காது."

அவர் முகத்தைப் பார்த்ததும் பியோவுக்குத் தன் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பாங் அம்மா படுக்கையறைத் தரை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார். குழாய்கள் தரையிலிருந்து மேலே எழும் அலமாரிக்குள் கான்கிரீட் இல்லாமல் ஒரு சிறு இடைவெளி இருந்தது. அங்கே மற்ற குழாய்களை வெள்ளைக் கிளிப்கள் பிடித்திருந்தன. ஒன்றை மட்டும் நீல நைலான் கயிறு, இடப்பக்கம் சுற்றிய இரட்டை முடிச்சோடு பிடித்திருந்தது. வெளியே கூரைக்குக் கீழே முள்ளங்கிக் கீரைக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றையும் அண்ணாந்து பார்த்தார்.

பியோ பாய்லர் அறையைக் குடைந்துவிட்டு வந்தார். "ஒண்ணுமில்லக்கா. கடல் பக்க ஜன்னல்ல ஒரு கிண்ணம் ஆறின சோறு. நட்டநடுவுல எலி குழி தோண்டியிருக்கு. கெட்டிக்கார எலி, ஒரு பருக்கை சிந்தல."

பெரியவரின் மனைவி ஓக்புன் சாப்பாடு போட்டார். பேச்சுவாக்கில் மகன் தேவோனைப் பற்றிச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டு ஆழ்கடல் கப்பலில் ஏறியவன், கடுதாசி கிடையாது.

"பழைய வீட்டுல அவனுக்குத் தினமும் ஒரு கிண்ணம் சோறு மூடி, சூடான எடத்துல போர்வைக்கடியில வைப்பேன். வெளிய போன பிள்ளைக்கு வைக்கிறதுதானே? இவரும் பேசாமத்தான் இருந்தார். போன வசந்தத்துல இருந்து அந்தக் கிண்ணத்தக் கண்டாலே எரிஞ்சு விழறார். புது வீட்டுல கூடவே கூடாதுன்னுட்டார்."

சாப்பிட்டு முடித்ததும் பாங் அம்மா எல்லோரையும் படுக்கையறைக்கு அழைத்தார்.

"மா கிளிப் போடுறவர். இந்த நீலக் கயிறு அவரோடது இல்ல. இதே கயிறு, இதே இடக்கை முடிச்சு, வெளிய இந்த அம்மா கட்டின கீரைக் கட்டுல இருக்கு. மழை நாள்ல கிளிப்பை எல்லாம் பிடுங்கி, ஜன்னல் பக்கத்துக் குழாயை இழுத்து மூலையில நெருக்கிக் கட்டியிருக்காங்க. ஒரு கிண்ணத்தைச் சூடா வைக்கிற அளவுக்கு இடம். அப்படித்தானேம்மா?"

ஓக்புன் தலைகுனிந்தார். "மா தம்பி மேல பழி விழும்னு நினைக்கல. மன்னிச்சுக்கப்பா." பிறகு கணவரைப் பார்த்தார். "வேற எங்கங்க வைப்பேன்? அவன் வந்தா ஆறின சோத்தையா போடுறது?"

மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் பெரியவர் கத்தினார். "உடை! யார் செஞ்சாலும் சரி, அந்த மூலை இருக்கக் கூடாது!"

பாங் அம்மா அவரை பாய்லர் அறைக்குக் கூட்டிப் போனார். பியோவும் பின்னாலேயே போனார்.

"ஐயா, எலி தோண்டினா சோறு சிதறும். இது கரண்டி நட்ட குழி. கரண்டி நட்டுச் சோறு வைக்கிறது செத்தவங்களுக்கு. உங்க அப்பா அம்மாவுக்குன்னா நடு வீட்டுல எல்லாரையும் கூட்டி வச்சுப் படைச்சிருப்பீங்க. அப்பன் மகனுக்குப் படைக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்ல. அதனாலதான் இங்க ஒளிச்சு வச்சீங்க. போன வசந்தத்துல சேதி வந்துச்சா?"

பெரியவர் ஜன்னலிலிருந்து அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"கப்பல்காரன் துறைமுகத்துல வச்சுச் சொன்னான். அவன அலை அடிச்சுட்டுப் போயிடுச்சாம். உடம்புகூட கெடைக்கல. வெளிய போடான்னு சொன்னவன் நான்தானம்மா. அவ தினமும் சோத்த மூடி வைக்கிறா. என்னால பாக்க முடியல."

எலி என்று சொன்ன வாயை அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது பியோவுக்கு.

"தரையை உடைச்சா அவங்க வேற எடத்துல வைப்பாங்க" என்றார் பாங் அம்மா. "சேதிய அவங்ககிட்ட நான் சொல்லக் கூடாது ஐயா. நீங்கதான் சொல்லணும்."

 பெரியவர் முற்றத்தில் இறங்கி, "மா, கடப்பாறைய எடுத்துட்டுப் போப்பா. உன் வேலையில குத்தமில்லன்னு ஊருக்கே நான் சொல்றேன்" என்றார். உள்ளே போய் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

கதவு திறந்தே இருந்தது. அவர் தாழ்ந்த குரலில் சொன்னது முற்றத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஓக்புன் அழவில்லை, மூலையில் கையை ஊன்றியபடி அப்படியே இருந்தார்.

"அன்னிக்குச் சாப்பிட்டிருந்தானா?" என்று கேட்டார்.



"கப்பல்காரன்கிட்ட அத நான் கேக்கலையே ஓக்புன்" என்று சொல்லி, பெரியவர் தரையில் முகம் கவிழ்ந்து அழுதார்.