பிழையின்றி 212 நாட்கள்

தொலைபேசி அலறியது.

ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலி ஒன்றை நடத்தும் அலுவலகம் அது. எடுத்தவள் ப்ரோக்ராமர்; வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்.

"வண்டி கிளம்பிடுச்சுன்னு உங்க ஆப் சொல்லுது," என்றது ஓர் ஆண் குரல். அதன் நிதானம்தான் பயமுறுத்தியது. "நாப்பது நிமிஷமா கிளம்பிட்டே இருந்துச்சு. எங்கப்பா நெஞ்சைப் பிடிச்சுட்டுக் கிடந்தாரு. பக்கத்து வீட்டு வேன்ல தூக்கிட்டு வந்து ஐ.சி.யூ.வுல சேர்த்திருக்கோம். உங்க வண்டி எங்கம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை மட்டும் பெருமையாக மினுங்கியது. 'பிழையின்றி 212 நாட்கள்.'

சற்று நேரத்தில் முதலாளியம்மா வந்தார். அந்தச் செயலியின் முதல் வரியைத் தன் கையால் எழுதியவர். பின்னாலேயே அவருடைய தம்பி, மேலாளர். அக்கா தும்மினால் கைக்குட்டை நீட்டுவது அவருக்கு முழுநேர உத்தியோகம். மேலாண்மை, மன்னிக்க வேண்டும், பகுதிநேரம்தான். முன்பு வந்த இத்தகைய புகார்களை எல்லாம் 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதி மூடியவரும் அவரே.

வண்டியை அழைக்கும் நிரல் இருக்கும் கோப்பைப் போன வாரம் தொட்டவள் இவள்தான் என்றார் மேலாளர். பிழைப் பதிவேடு துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. ஆகவே தடயத்தை அழித்தவளும் இவளே என்றார்.

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்தத் தப்பு எந்த வரியில இருக்கோ, அதை எழுதினவங்க பன்னெண்டு மணிக்கு மேல இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

ஓர் உயிரோடு விளையாடியவள் என்ற பெயரோடு வெளியேறினால், வேறெந்த நிறுவனம் வா என்று அழைக்கும்?

சோதனைக்காக ஓர் அழைப்பு அனுப்பினாள். சர்வர் 503 என்று கையை விரித்தது. இப்போது முடியாது என்று பொருள். திரையோ கூசாமல் சொன்னது: 'வண்டி கிளம்பிவிட்டது.'

கோப்பைத் திறந்தாள். எண்பத்தெட்டாவது வரி...

ஒரு கேட்ச். கோரிக்கை தோற்றால் அதைப் பிடித்து, பதிவு செய்து, பயனரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம்.

உள்ளே ஒன்றுமே இல்லை!

இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும். விழுந்த பிழைகளை எல்லாம் ஏப்பம்கூட விடாமல் விழுங்கியிருந்தன. புகார் எழுதாத காவல் நிலையத்தில் குற்றமே நடக்காதல்லவா?

பிழையை அச்சிடும் வரி ஒன்றையும், 'வண்டி வரவில்லை, வேறு வழி தேடுங்கள்' என்ற அறிவிப்பையும் உள்ளே எழுதினாள். மீண்டும் அழைத்தாள். சிவப்பு எழுத்துகள் இறங்கின. ஸ்டாக் ட்ரேஸ், பிழை எந்தெந்த வரி வழியாக நடந்து வந்ததோ, அத்தனை காலடித் தடங்களும். அவை நேராக அந்த கேட்சின் வாசலில் வந்து நின்றன.

மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாக்கா? அவளே காட்டிக் குடுத்துட்டா. ஒவ்வொரு வரியையும் யாரு எழுதினாங்கன்னு வரலாறு இருக்கும்ல? பெரிய திரையில போடுறேன், எல்லாரும் பாக்கட்டும்."

போட்டார்.

எழுதப்பட்ட நாள்: 212 நாட்களுக்கு முன். குறிப்பு: 'எரர் மெசேஜ் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எடுத்துவிட்டேன்.'

எழுதியவர்... முதலாளியம்மா!

மேலாளர் கைக்குட்டையை எடுத்து, முதன்முறையாகத் தன் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

அவள் மிகப் பணிவாக எழுந்து நின்றாள்.

"கிளம்பணும்ல மேடம், வண்டி சொல்லட்டுமா? பயப்படாதீங்க... இனிமே வராட்டி, வரலைன்னு சொல்லிரும்."