மொட்டை மைனா

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. கோழி கிறுக்கினது போன்ற அண்ணனின் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொல்லைப்புற மரத்தில் நானும் அண்ணனும் பழைய தட்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதில் தானியம் கொத்த வரும் பறவைகளைப் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து, நோட்டில் ஏற்றுவோம். படம் இல்லாமல் பெயர் ஏறக் கூடாது. அது எங்கள் சட்டம்.

இருபத்து நான்கு பறவைகள் சேர்ந்த நேரத்தில், அண்ணன் தீயணைப்புப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பினான். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"இருபத்தஞ்சாவது பறவை வந்தா எனக்குக் கடிதம் எழுது. அடுத்த லீவுக்கே ஓடி வந்துடுறேன்."

எப்போதும்போல ஒரு தோளைத் தூக்கியபடி அவன் நடந்து போனதை வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு வீடே வெறிச்சோடிப் போனது.

இரண்டு மாதம் கழித்து அது வந்தது. பழுப்பு உடம்பு, மஞ்சள் தலை. தலையில் ஓர் இறகுகூட இல்லை. பறவைப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை.

"அம்மா, புதுப் பறவைம்மா. அண்ணன் வரப் போறான்."

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடி இது, தலைக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு வந்த மாதிரி இருக்கு?"

ஸ்டூடியோவிலிருந்து படம் வந்ததும் கடிதம் எழுதி உறைக்குள் வைத்தேன். பசையும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, அந்தப் பறவை மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. குருவியைப் போலத் தத்தவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

நோட்டை எடுத்தேன். ஏழாம் எண்ணில் அண்ணன் எழுதியிருந்தான்: 'மைனா. தத்தாது. தலைமையாசிரியர் வராந்தாவைச் சுற்றி வருவது மாதிரி நடக்கும்.'

அது தலைமையாசிரியரேதான். இறக்கையை விரித்தபோது மைனாவின் அதே வெள்ளைத் திட்டு. தலை இறகு மட்டும் கொட்டிப் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது பழைய மைனாதாம்மா. படத்துல இறக்கை சரியா தெரியல. அண்ணன் கண்டுபிடிக்க மாட்டான்."

"அப்போ அப்படியே அனுப்பிடேன்."

"நோட்டுல பொய் ஏறிடுமே."

அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வேறு கடிதம் எழுதினேன். 'அண்ணா, இன்னும் இருபத்து நாலுதான். ஏழாம் நம்பருக்கு மொட்டை. படம் வெச்சிருக்கேன், சிரிச்சுக்கோ.'

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேமராவோடு ஜன்னலில் இருந்தேன். பின்பக்கச் சந்தில் மொட்டைத் தலையோடு ஓர் ஆள், பையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அம்மா கண்ணைச் சுருக்கினார். "யாருடி அது? விலாசம் தேடி அலையுறார் போல."

நான் உற்றுப் பார்த்தேன். நடையில் ஒரு தோள் தூக்கியிருந்தது.

"நம்ம அண்ணன்மா," என்று சொல்லிவிட்டு முதலில் படம் எடுத்தேன். சட்டம் சட்டம்தானே. பிறகுதான் ஓடினேன்.

"பயிற்சியில எல்லாருக்கும் மொட்டை அடிச்சுட்டாங்க," என்று அண்ணன் தலையைத் தடவிக்கொண்டான். "என்னை மாதிரியே ஒருத்தன் நம்ம வீட்டுக்கு வர்றான்னு எழுதிட்டே. நான் பார்க்காம இருப்பேனா?"

அன்று நான் நோட்டில் எழுதியது இன்னும் அழியவில்லை: '25. அண்ணன். தலையில் முடி இல்லை. நடையை வைத்துக் கண்டுபிடித்தேன்.'